விரலில் ஏறிய ழகரம்

சுல்பிகா டீச்சருக்கு ஒரு வியாதி இருந்தது. எந்த மருந்துக் கடையிலும் மருந்தில்லாத வியாதி, சந்தேகம். மீன்காரன் இன்றைக்குப் பிடித்த மீன் என்று சத்தியம் பண்ணினாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டார். சாய்ந்தமருதில் ஒரு பெண்கள் அரபுக் கல்லூரியில் பதினாறு வருடமாகப் படிப்பித்தவர் அவர். அவரிடம் கட்டுரை கொடுத்த எந்தப் பிள்ளையும் நிம்மதியாக இருந்ததில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். தன் வாயால் ஒரு பொய் சொன்னவர் இல்லை. அதனாலேயே ஊராரின் பொய்யையெல்லாம் மோப்பம் பிடிக்கும் உரிமை தனக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

சண்டை முடிந்த வருடம் கல்முனையில் இன்டர்நெட் கடைகள் கூடின. டீச்சருக்கும் வேலை கூடியது. இறுதி வருடப் பிள்ளைகளின் ஆய்வுக் கட்டுரையைக் கையில் எடுத்ததும் ஓரெழுத்தைத்தான் முதலில் தேடுவார். நபித்தோழர்களின் பெயருக்குப் பின்னால் வாழ்த்துச் சுருக்கமாக நம் பக்கத்தில் (ரழி) என்று போடுவோம். தமிழ்நாட்டில் (ரலி) என்பார்கள். கட்டுரையில் ஒரு லகரம் தட்டுப்பட்டால் போதும், அது இன்டர்நெட்டில் பார்த்தடித்த, கடல் கடந்து வந்த சரக்கு என்று முடிவுகட்டிவிடுவார்.

அப்ராவின் கட்டுரை கடையில் டைப் செய்வித்த நாற்பது பக்கம். கணவன் காணாமல் போனால் மனைவி எத்தனை காலம் காத்திருக்க வேண்டும், கணவனை இழந்தவள் ஒதுங்கியிருக்கும் இத்தாவை எப்போது இருக்க வேண்டும் என்பதுதான் விடயம். அவளுடைய வாப்பாவைச் சுனாமி கொண்டுபோய் ஐந்து வருடமாகப் போகிறது, மையித்து, அந்த உடல்கூடக் கிடைக்கவில்லை. கட்டுரை தேறிக் கல்லூரிச் சான்றிதழ் கைக்கு வந்தால் மருதமுனையில் ஒரு குர்ஆன் மத்ரஸாவில் அவளுக்கு வேலை. தைத்துப் பிழைக்கும் உம்மாவுக்கு வேறு கதியில்லை.

கட்டுரையில் எல்லா இடத்திலும் (ரழி) சரியாக இருந்தது. அதுவே டீச்சருக்குப் பிடிக்கவில்லை. போன தவணை முழுக்க 'ரலி' என்று எழுதி ஏச்சு வாங்கிய பிள்ளை இது, எப்படி ஒரே நாளில் திருந்தியது? ஒவ்வொரு பக்கமாக விரலை ஓட்டிக்கொண்டு போனார். முப்பத்தோராம் பக்கத்தில் அகப்பட்டது. 'விரலில்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'விரழில்'. இரண்டு வரி தள்ளி 'குரலில்' என்பது 'குரழில்'.

ஆஹா, பிடிபட்டாயா என்று சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். கையால் எழுதும் எந்தப் பிள்ளை 'விரழில்' என்று எழுதும்? எங்கிருந்தோ பக்கம் பக்கமாக எடுத்துவிட்டு, 'ரலி'யையெல்லாம் 'ரழி' ஆக்கு என்று கொம்பியூட்டருக்குச் சொல்லியிருக்கிறாள். அந்தக் குருட்டு மெஷின் விரலையும் குரலையும் சேர்த்துத் திருத்திவிட்டது.

அப்ராவைக் கூப்பிட்டார்.

"ரலிய ரழியாக்கினயா இல்லையா? அத மட்டும் சொல்லு."

"ஓம் டீச்சர், ஆனா…"

"ஓம் எண்டா போதும். போ."

அன்றைக்கே அதிபரிடம் சொன்னார். சான்றிதழ்ப் பட்டியலில் அப்ராவின் பெயர் வெட்டுப்பட்டது.

அத்தோடு விட்டிருக்கலாம். வியாதி விடுமா? திருடிய இடத்தையும் கண்டுபிடித்து அச்செடுத்து வைக்க வேண்டும் என்று, அப்ரா டைப் செய்வித்த கடைக்கே போனார். இரண்டு மணித்தியாலம் தேடினார். ஒரு வரிகூட எங்கும் அகப்படவில்லை. பாண்டிருப்பிலிருந்து வந்து அங்கே டைப் செய்யும் விதுஷா எட்டிப் பார்த்தாள்.

"அப்ராட கட்டுரையா டீச்சர்? அது எழுதித் தந்த தாள் இங்கதான் கிடக்கு."

ஒரு கட்டை எடுத்து வைத்தாள். கட்டு முழுக்கக் கையெழுத்து. வெட்டி, திரும்ப எழுதி, ஓரத்தில் அம்புக்குறி போட்டு, மை ஊறிய தாள்கள். எல்லா இடத்திலும் 'ரலி'.

"சுனாமிக்குப் பிறகு உங்கட லைப்ரரிக்கு வந்த புத்தகமெல்லாம் இந்தியாப் புத்தகமாமே. அதப் பாத்துப் படிச்ச கை, 'ரலி'தான் வருதாம். 'டீச்சர் ஏசுவா அக்கா, எல்லாத்தையும் மாத்தித் தாங்க' எண்டு அழாக்குறையாக் கேட்டது. நான்தான் பட்டன ஒரே அமத்தில மாத்தின."

முப்பத்தோராம் பக்கத்து வரிகளைக் கையெழுத்தில் தேடி எடுத்தார். வட்டம் போட்ட சொல் இருந்த வரியை அப்போதுதான் முழுதாக வாசித்தார்.

'உம்மாவின் விரலில் வாப்பா வாங்கிக்கொடுத்த மோதிரம் இன்னும் கிடக்கிறது. இத்தா இருக்கச் சொன்னவர்களிடம், மையித்தைக் காட்டுங்கள், இருக்கிறேன் என்று வாப்பாவின் குரலில் உம்மா சொல்கிறார்.'

இதை எந்த நாட்டு இன்டர்நெட்டில் எடுக்க முடியும்? டீச்சருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது, வெட்கம் அதைவிட அதிகமாக வந்தது. நேரே அதிபரிடம் போய், பிழை தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். பெயர் திரும்பப் பட்டியலில் ஏறியது.

பின்னேரம் அப்ராவின் வீட்டுக்குப் போனார். அவளுடைய உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். மோதிரம் கிடந்த அந்தக் கையை டீச்சரால் பார்க்க முடியவில்லை.

"ஒன்ட பேரு திரும்ப வந்திட்டு மகள். நான்தான் பிழை விட்டுட்டன்," என்றார்.

அப்ரா தலையாட்டினாள். பிறகு கேட்டாள்.

"மத்தப் பக்கமெல்லாம் வாசிச்சீங்களா டீச்சர்?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது?

"இல்ல மகள்," என்றார் டீச்சர்.

அப்ரா உள்ளே போய்க் கட்டுரையின் தன் பிரதியை எடுத்துவந்து, முதலாம் பக்கத்தை விரித்து அவர் மடியில் வைத்தாள்.