குருத்து என்று சொன்ன வாய்

பல் கிளினிக்குக்கு வருகிற சனம் வாயைத் திறக்கும். நம்பிக்கை வைப்பது வேறு கதை.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கிற தனியார் கிளினிக் ஒன்றில் நான் உதவியாளர். கொழும்புக் கொம்பனி ஒன்று எங்களோடு சேர்ந்தது. பாற்பல்லுக்குள் இருக்கும் சதையில் ஸ்டெம் செல் எனும் குருத்துக் கலங்கள் உண்டாம். உறையவைத்துப் பாதுகாத்தால் பிற்காலத்தில் பழுதான எலும்பையும் நரம்பையும் திரும்ப வளர்க்க உதவலாமாம். இதைப் பெற்றோருக்கு விளங்கப்படுத்துவது என் வேலை. எனக்கு முதல் நாளே சந்தேகம். சந்தேகத்தை விழுங்கிக்கொண்டு சம்பளம் வாங்குகிற பாவிகள் உங்களிலும் இருப்பார்கள், உங்களுக்கு விளங்கும்.

துண்டுப்பிரசுரம்

கொடிகாமத்திலிருந்து யோகராணி அக்கா ஏழு வயது மகள் அபிநயாவோடு வந்தார். பிள்ளைக்கு முன்பல் இரண்டு ஆட்டம். நாலு வயதிலிருந்தே சலரோகம், தினமும் இன்சுலின் ஊசி. தொடையில் குத்தாத இடமில்லை என்று சொல்லும்போதே அக்காவுக்குக் கண் கலங்கியது. இந்தக் கலங்களால் அந்த ஊசி நிற்குமா என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. “ஆராய்ச்சி நடக்குது அக்கா” என்று மழுப்பினேன். துண்டுப்பிரசுரத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

“எல்லாம் வடிவாத்தான் எழுதிக் கிடக்கு. உதை எழுதினவையின்ரை பிள்ளையளின்ரை பல்லு எங்கை கிடக்கு?”

பனை

அடுத்த கிழமை புருஷனையும் கூட்டிவந்தார். தவராசா அண்ணை தோட்டக்காரர். நான் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். குருத்து என்ற சொல் வந்ததும் மனுஷன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். எப்படியும் விழப்போகிற பல்லுக்குள் இருப்பதைத்தான் எடுக்கிறோம், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று அரை மணித்தியாலம் தொண்டை வறளக் கதைத்தேன். கடைசியில் சம்மதித்தார். ஆனால் வாசலில் நின்று திரும்பினார்.

“குருத்துப் போன பனை பிறகு வளருறேல்லை, தங்கச்சி. என்ரை பிள்ளையை முழுசாத் திருப்பித் தருவியள்தானே?”

ஓட்டுக்கு மேலே

பல்லில் இரத்த ஓட்டம் இருக்கும்போதே பிடுங்கவேண்டும், காய்ந்தால் உதவாது. அதற்கு நாள் குறித்திருந்தோம். இரண்டு நாள் முந்தியே ஒரு பல் தானாக விழ, பிள்ளை வழக்கப்படி அணிலிடம் புதுப்பல் கேட்டுக் கூரையில் எறிந்துவிட்டது. அண்ணை ஏணி வைத்து ஏறி, ஓட்டிடுக்கில் தேடிக் கொண்டுவந்தார். கொண்டுவந்தது இரண்டு பல். மற்றது மூத்தவன் எப்போதோ எறிந்தது! இரண்டும் காய்ந்து கல்லாகியிருந்தன. ஆளை ஆள் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டோம். அண்ணைதான் முந்தினார்.

“எது இவளின்ரை எண்டு எனக்கென்னெண்டு தெரியும்? நீங்கள்தானே படிச்சனியள்!”

ஊசி

மிஞ்சியிருந்த பல்லை டொக்டர் பிடுங்கினார். குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொழும்புக்கு அனுப்பினோம். அக்கா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். இரண்டாம் நாள் பல் பிடுங்கிய முரசைக் காட்ட அக்கா கூட்டிவந்தபோது பிள்ளை வாடிப்போய், போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்தது. ஊசி போட்டீர்களா என்று கேட்டேன். இனி ஊசி தேவைப்படாதுதானே, பல்லுக் கொடுத்த அன்றே நிப்பாட்டியாச்சு என்றார்.

“அக்கா, உது மருந்தில்லை! சலரோகத்துக்கு உதாலை இண்டைக்கு ஒரு வைத்தியமும் இல்லை!” என்று கத்தியேவிட்டேன். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். பிள்ளை தப்பியது. மூன்றாம் நாள் வார்ட்டுக்குப் போனேன். அபிநயா பிஸ்கட் கேட்டு அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“உதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே, தங்கச்சி. நான் உங்கடை துண்டை நம்பேல்லை. உங்களைத்தான் நம்பினனான்.”

இப்போது வருகிறவர்களிடம் என்னை நம்பவேண்டாம் என்று நானே முந்திச் சொல்லிவிடுகிறேன். அதற்காகவே சனம் என்னை இன்னும் கூடுதலாக நம்பித் தொலைக்கிறது.