மெடிகிளெய்ம் மனுக்காரர்களோடு செங்கல்பட்டுக்கு

நுகர்வோர் வழக்குக்கு வக்கீல் கட்டாயமில்லை என்று சட்டம் சொன்னதால் என்னைப் போன்றவர்களுக்கு வேலை வந்தது. தொண்ணூறுகளில் சேலையூரில் ஒரு நுகர்வோர் சங்கத்துக்காக மனு எழுதிக் கொடுப்பேன். வாய்தா அன்று ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, மனுக்காரரோடு தாம்பரத்தில் ரயிலேறி, செங்கல்பட்டில் இருந்த மாவட்டக் குறைதீர் மன்றத்துக்குப் போவேன். முக்கால்வாசி மெடிகிளெய்ம் என்கிற மருத்துவ இன்சூரன்ஸ் வழக்குதான். பணம் தர மறுத்து 'வருந்துகிறோம்' என்று முடியும் இன்சூரன்ஸ் கம்பெனிக் கடிதத்தை வாங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

யாருக்கு பிரஷர்?

கேம்ப் ரோட்டில் ஸ்டேஷனரி கடை வைத்திருந்த சுந்தரேசன் மயங்கி விழுந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பாலிசி எடுக்கும் முன்பே இருந்த ரத்தக்கொதிப்பை மறைத்துவிட்டார் என்று கம்பெனி கைவிரித்தது. ஆதாரம், சேர்த்தபோது ஆஸ்பத்திரியில் எழுதிய கேஸ் ஷீட்டில் ஒரே வரி: 'ஐந்து வருடமாக பிரஷர்.'

சுந்தரேசன் அதுவரை பிரஷர் பார்த்துக்கொண்டதே இல்லை. நினைவில்லாமல் கிடந்தவர் எப்படிச் சொல்லியிருப்பார்? விசாரித்ததில், அன்று கூடப் போனவர் அவருடைய மச்சினர் என்று தெரிந்தது. அவரைக் கூட்டிப்போய் மன்றத்தில் நிறுத்தினேன். தலையைக் குனிந்துகொண்டு அவர் சொன்ன பதிலில்தான் வழக்கு ஜெயித்தது.

"டாக்டர் என்னைப் பார்த்துதான் 'பிரஷர் இருக்கா, எத்தனை வருஷமா'ன்னு கேட்டாரு. பதட்டத்துல என்னோடத சொல்லிட்டேன் சார்."

பன்னிரண்டு கட்டில்

செம்பாக்கத்தில் காய்கறி மண்டி வைத்திருந்த ஏகாம்பரத்தின் மனைவிக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. பக்கத்து நர்சிங்ஹோமில் உடனே ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தார்கள். அங்கே இருந்தது பன்னிரண்டு கட்டில். பதினைந்து இருந்தால்தான் அது ஆஸ்பத்திரி என்றது பாலிசி. மன்றமும் விதி விதிதான் என்றுவிட்டது. தோற்றோம்.

வெளியே வந்ததும் ஏகாம்பரம் நேராகக் கம்பெனி வக்கீலிடம் போனார். அடித்துவிடப் போகிறாரோ என்று நான் பின்னாலேயே ஓடினேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"வூட்டுல அது உயிர் போற மாரி துடிச்சிகினு கீது, நான் கட்டிலு எண்ணிக்கினா சார் இருப்பேன்?"

கூடுதல் காப்பி

ஞானமுத்து சார் கிழக்குத் தாம்பரத்தில் கணக்கு வாத்தியார். இதய ஆபரேஷன் முடிந்து கிளெய்ம் கேட்டார். சர்க்கரை நோயை மறைத்துப் பொய் சொல்லிவிட்டார் என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வழக்கு இழுத்துக்கொண்டே போனது. நடுவில் அவர் இறந்துபோனார். அவர் மனைவி மேரி டீச்சர் விடவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் என்னோடு வந்தார்.

பாலிசிக்கு முந்தைய தேதியில் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை முடிவையாவது காட்டுங்கள் என்று மன்றம் கேட்டது. கம்பெனியால் காட்ட முடியவில்லை. 'மறைத்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை' என்று தீர்ப்பானது. செக் வர ஒரு மாசமாவது ஆகும் டீச்சர் என்றேன்.

"அது வரும்போது வரட்டும் சார். தீர்ப்புல இன்னும் ரெண்டு காப்பி வாங்கிக் கொடுங்க. அவர் பொய் சொன்னார்னு வந்த லெட்டரை என் ரெண்டு பசங்களும் படிச்சிருக்காங்க. இதையும் படிக்கணும்."

இத்தனை வழக்கு பார்த்தும், என் சொந்தப் பாலிசியின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை நான் இன்றுவரை முழுசாகப் படித்ததில்லை.