வண்டி வராத வழி

பின்னால் எங்கோ ஒரு ஹாரன் கேட்டால் போதும், செக்கிங் அக்கா சைக்கிளை விட்டு இறங்கிவிடுவாள். இறங்கி, சைக்கிளைச் சாலையோரச் சுவரில் சாய்த்து, வருகிற வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பாள். பஸ் போகும், லாரி போகும், மீசை முளைக்காத பையன் ஓட்டும் ஸ்கூட்டர்கூடப் போகும். எல்லாம் போய் முடிந்த பிறகும் சற்று நேரம் அப்படியே நிற்பாள். சைக்கிளில் வேலைக்குப் புறப்பட்ட முதல் நாள் அவளை நெல்லித்தோப்பிலிருந்து மெயின் ரோடு வழியாகக் கூட்டிப் போனேன். பாதி தூரம் போவதற்குள் கம்பெனியில் வேலை தொடங்கிவிட்டது. இன்றும் அந்த முதுகு என் கண்ணில் நிற்கிறது. வேர்வையில் ஒட்டிய ரவிக்கை, இடுப்பில் இறுக்கிச் செருகிய புடவை முந்தானை. சுவரில் யாருக்கோ ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு நேர் எதிரே அவள் முகம் இருந்தது.

அப்போது நான் துணிப்பை தைக்கும் கம்பெனி ஒன்றில் மூட்டை கட்டும் வேலையில் இருந்தேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூரில் கொஞ்ச நாள், பெங்களூரில் கொஞ்ச நாள், நடுவில் லாரி கிளீனர் என்று சுற்றிவிட்டு, புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். கம்பெனி ஊருக்கு வடக்கே செம்மண் மேட்டின் மேல் இருந்தது. அக்காவுக்கு அங்கே தையலைச் சரிபார்க்கும் வேலை. அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, முதலாளிக்கும் அவள் செக்கிங் அக்காதான். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. என் தெருவுக்கு அடுத்த தெருவில் அண்ணன் வீட்டில் இருந்தாள். வேதக்காரக் குடும்பம், மாதா கோவில் ஞாயிறு பூசைக்குத் தவறாதவர்கள்.

ஆட்களை ஏற்றிப் போய்க்கொண்டிருந்த வேனைக் கம்பெனி திடீரென்று நிறுத்திவிட்டது. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. முடிந்தவர்கள் வரலாம், முடியாதவர்கள் நின்றுகொள்ளலாம் என்றார்கள். அன்று ராத்திரி சோறு போடும்போதே அண்ணி சொல்லிவிட்டாளாம்: "நல்லதாப் போச்சி. இனிமே வூட்லயே இருந்து புள்ளைங்கள பாத்துக்கலாம்." வேலைக்குப் போகிற வரைக்கும்தான் அந்த வீட்டில் அவள் ஒரு ஆள். நின்றுவிட்டால் பாத்திரம் கழுவுகிறவள். இதை அவளே என்னிடம் சொன்னாள். சொல்லும்போது குரல் மாறவில்லை, கையில் இருந்த பையின் பிசிறு நூலை வெட்டிக்கொண்டே சொன்னாள். பழைய சைக்கிள் ஒன்று வீட்டில் கிடந்தது, ஓட்டவும் தெரியும். ரோட்டுக்குத்தான் பயம்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அதற்குச் சில வருஷம் முன்பு அண்ணனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறாள். சிக்னல் விழுவதற்குள் இரண்டு பஸ்களுக்கு நடுவே அவர் நுழைந்திருக்கிறார். இவள் விழுந்தாள். மேலே ஒரு கீறல் இல்லை. மடியிலிருந்து உருண்ட சாப்பாட்டுத் தூக்கின் மேல் பஸ்ஸின் பின்சக்கரம் ஏறியது. சோறு எது, தகடு எது என்று தெரியாதபடி அது தார் ரோட்டில் ஒட்டிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே எழுந்திருக்கிறாள். அண்ணனுக்கு அது சிரிப்புக் கதை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் எடுத்து விடுவார்.

"ஊரு ஊரா சுத்துனவன்தான நீ? வண்டி வராத வழி ஒண்ணு கண்டுபுடிச்சிக் குடு தம்பி" என்றாள்.

புதுச்சேரி தட்டு மாதிரி சமமான ஊர் என்று கடற்கரையைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் நினைப்பார்கள். லாஸ்பேட்டைப் பக்கமோ கோரிமேட்டுப் பக்கமோ சைக்கிள் மிதித்தவனுக்குத் தெரியும் அது எவ்வளவு மேடு என்று. ஏற்றம் இருக்கிற குறுக்கு வழியில் வண்டிக்காரன் வரமாட்டான், அவனுக்கு நேர் ரோடு இருக்கிறது. அதனால் மேடாகப் பார்த்துத் தேடினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை தனியாக அலைந்தேன். ரோட்டின் நடுவில் நாய் கால் நீட்டித் தூங்குகிறதா என்று பார்ப்பேன். தூங்கினால் அந்த ரோடு சரி. புளி காயப்போட்டிருந்தால் இன்னும் சரி. நாய் ஓரமாகப் படுத்திருந்தால் அந்தத் தெருவை விட்டுவிடுவேன். இப்படிச் சேர்த்துச் சேர்த்து, சாரம் பக்கத்துச் சந்துகளில் நுழைந்து, லாஸ்பேட்டை ஏற்றத்தின் பின்பக்கமாக ஏறி, முந்திரித் தோப்பு ஓரம் போய், ஒரு செம்மண் ஓடையில் இறங்கி மறுபடி ஏறி, கம்பெனியின் பின் கேட்டுக்குப் போகிற வழி ஒன்று கிடைத்தது. நேர் வழியைவிட ஒன்றரைப் பங்கு தூரம்.

"வழி கேட்டா ஊரையே சுத்திக் காட்டுறியே, தேர்பவனியா போறோம்?" என்று அந்த வழியில் போன முதல் நாளே கேலி செய்தாள். ஏற்றங்களில் அவளுக்கு மூச்சு வாங்கும். இறங்கி இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் தள்ளிக்கொண்டு நடப்போம். ஆனால் ஓடைக்கு இறங்குகிற சரிவில் அவள் வேறு ஆள். நான் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கல் பார்த்து இறங்குவேன். அவள் பிரேக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, புடவை படபடக்க, செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு என்னைத் தாண்டிப் போவாள். "பயமா இல்லியாக்கா?" என்றால், "இது நானா வுழுறது. நானா வுழுந்தா எழுந்துக்குவேன்" என்பாள். அந்தக் கோடைக்காலம் முழுக்க அவள் ஒரு நாளும் தாமதமாகப் போகவில்லை.

வண்டி இல்லாத ரோட்டில் ஆட்கள் சும்மா இருக்கிறார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. மெயின் ரோட்டில் யார் யாரோடு போகிறார்கள் என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. இந்த வழியில் காலையில் கடந்து போவது நாங்கள் இரண்டு பேர்தான். அதிலும் சைக்கிளில் போனால் ஒரு நொடியில் போய்விடுவோம், மேட்டில் தள்ளிக்கொண்டு நடந்தால் நன்றாகப் பார்க்கலாம். இரண்டாவது ஏற்றத்தில் ஒரு தெருக்குழாய் இருந்தது. குடத்தோடு நிற்பவர்களில் ஒருத்தி ஒரு நாள் கேட்டாள்:

"வூட்டுக்காரரா?"

"தம்பிம்மா."

"கூடப் பொறந்தவரா?"

"இல்ல, கூட வேல செய்யிறவன்."

தாண்டி வந்த பிறகு, "கூடப் பொறந்தவன்னு சொல்லித் தொலச்சா என்னாக்கா?" என்றேன். "எதுக்குப் பொய்? நாம என்னா திருடவா போறோம்?" என்றாள். பின்னால் குடங்கள் நடுவே சிரிப்பு கேட்டது. அந்தக் குழாயடியில் அக்கா வீட்டார் போகிற மாதா கோவிலுக்கு வருகிற பெண் ஒருத்தியும் இருந்திருக்கிறாள்.

அடுத்த வாரம் அந்த மேட்டின் உச்சியில் அண்ணன் பைக்கை ஸ்டாண்டு போட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் கீழேயிருந்து தள்ளிக்கொண்டு வருவதை முழுதாகப் பார்த்தார். கத்தவில்லை.

"மெயின் ரோட்ல போயிருந்தீன்னா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்மா. ஆளில்லாத ரோடா தேடிப் புடிச்சிருக்கீங்களே, எதுக்கு?"

"பஸ்ஸுக்குப் பயந்துதாண்ணே. உனக்குத் தெரியாதா?"

"நாப்பது வயசுல பஸ்ஸுக்குப் பயமாம்" என்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீ எந்த ஊர்டா? ஒனக்கு வூடு வாசல் எதனா இருக்குதா?"

எனக்கு அது இல்லை. இருந்திருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்க மாட்டேன். அவளைப் பஸ் சக்கரத்துக்குப் பக்கத்தில் தள்ளியவர் அவர். ஆனால் கேள்வி கேட்கிற இடத்தில் அவர் நின்றிருந்தார், பதில் சொல்கிற இடத்தில் நாங்கள் நின்றிருந்தோம். அந்த வழியைத் தேடியது தப்பு என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை.

"நாளையிலேருந்து மெயின் ரோட்லயே போறேன்" என்றாள் அக்கா. "தனியாப் போறேன். போதுமா?"

போனாள். மிதித்துப் போகவில்லை. நெல்லித்தோப்பிலிருந்து கம்பெனி வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சாக்கடை ஓரமாக நடந்தாள். நான் சற்றுத் தூரம் விட்டுப் பின்னால் வருவேன், அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். கூப்பிடவும் கூடாது என்று சொல்லியிருந்தாள். விடிவதற்கு முன் கிளம்பியும் பாதி நாட்களில் தாமதம். ஹாரனுக்கு ஹாரன் சுவரைப் பார்த்து நின்றால் எப்படிப் போய்ச் சேர முடியும்? சூப்பர்வைசர் முதலில் அரைநாள் சம்பளம் போட்டான், பிறகு வாசலில் நிறுத்தினான். "சைக்கிள் வச்சிக்கினு நடந்து வர்ற ஆள ஒலகத்துலயே இங்கதான் பாக்கறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். மாதா கோவில் திருவிழாவுக்கு முன்பே அவள் நின்றுவிட்டாள். சைக்கிளை அண்ணன் பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். கொஞ்ச நாளில் நானும் அந்த ஊரை விட்டுக் கிளம்பினேன்.

பல வருஷம் சுற்றிச் சுற்றி மறுபடி இங்கேதான் வந்திருக்கிறேன். இப்போது வாடகை சைக்கிள் கடை ஒன்றில் வேலை. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குக் காலையில் வழி காட்ட வேண்டும். பஸ்ஸையும் லாரியையும் கண்டு பயப்படுகிறவர்கள் அவர்களிலும் இருக்கிறார்கள். "அமைதியா, கொஞ்சம் மேடு பள்ளமா ஒரு ரூட்" என்று கேட்கிறார்கள். அதே வழியில் கூட்டிப் போகிறேன். முந்திரித் தோப்பில் பாதி மனையாகிவிட்டது, ஓடையில் ஒரு சின்னப் பாலம் வந்திருக்கிறது. ஆணும் பெண்ணும் ஹெல்மெட்டும் அரைக்கால் சட்டையுமாக மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சிரித்துப் பேசி நடக்கிறார்கள். புருஷன் பெண்டாட்டியும் உண்டு, சும்மா சிநேகிதர்களும் உண்டு. குழாயடியில் யாரும் எதுவும் கேட்பதில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கை ஆட்டுகிறார்கள்.

போன வாரம் நெல்லித்தோப்பில் தெருமுனை மீன்காரம்மாவிடம் அக்கா நின்றிருந்தாள். தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. என்னை அடையாளம் கண்டு, "எங்கெங்கடா போன?" என்றாள். வேலையைச் சொன்னேன். எந்த வழி என்பதையும் சொன்னேன். மீன் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சதும் வாக்கா. கடை சைக்கிள் எடுத்தாறேன். இப்பல்லாம் அங்க யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல."

"அவங்கள கேக்க மாட்டாங்க தம்பி" என்றாள். "அவங்க வெளியூரு. நான் இந்த ஊரு."

மீன் வெட்டி முடிந்திருந்தது. வாங்கிக்கொண்டு, சுவரோரமாகவே நடந்து வீட்டுக்குள் போனாள்.