பத்து இலக்கப் பாஸ்வேர்ட்

பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, செவ்வாய்க்கிழமை காலையில் முறைப்பாடு வந்தது. நான் பொருத்திய ரவுட்டர்தான். இன்டர்நெட் கம்பனியின் பதுளை அலுவலகத்தில் நான் ஓய்வு பெற அப்போது எட்டு மாதம் இருந்தது. தோட்டம் என்றாலே மற்றவர்கள் என் பக்கம் தள்ளிவிடுவார்கள்.

வீட்டுக்காரர் முருகேசு, தோட்டத்துக் கோயில் கமிட்டிச் செயலாளர். அவருடைய மகள் கவிதாவுக்குக் கொழும்புக் கம்பனி ஒன்று வீடியோவில் நேர்முகப் பரீட்சை வைத்திருந்தது. பாதியில் படம் அப்படியே நின்றுவிட்டது.

“வியாழக்கிழமை பத்து மணிக்கு இன்னொரு தடவை பேசுறாங்களாம். அதுவும் கட் ஆனா அவ்வளவுதான் அங்கிள்” என்றாள்.

ரவுட்டரின் செட்டிங்கைத் திறந்தேன். வீட்டில் இருந்தது மூன்று போன். இணைந்திருந்தது பதினேழு.

“யாருக்கெல்லாம் பாஸ்வேர்ட் குடுத்தீங்க?” என்றேன் முருகேசுவிடம்.

“மாரியம்மா சத்தியமா யாருக்கும் குடுக்கலீங்க சேர்.”

“குடுக்காம எப்படி? லயமே உங்க வைஃபையிலதான் படம் பாக்குது.”

அவர் முகம் சுண்டிப்போனது. மகள் முன்னால் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

மடிக்கணினியை எடுக்க வெளியே வந்தேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தடியில் பைக்கை விட்டிருந்தேன். மடுவத்துச் சுவரில் திருவிழா நோட்டீஸ். அதன் அடியில் கொட்டை எழுத்தில் முருகேசுவின் பெயர், பக்கத்தில் அவருடைய போன் நம்பர்.

எனக்கு விஷயம் பிடிபட்டது. எந்த வீட்டில் பொருத்தினாலும் வீட்டுக்காரரின் போன் நம்பரையே பாஸ்வேர்டாகப் போடுவது என் வழக்கம். அவர்களும் மறக்க மாட்டார்கள், என்னையும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய மாட்டார்கள். அதே லயத்தில் இன்னும் இரண்டு வீட்டுக்கு அப்படித்தான் போட்டிருந்தேன். மூன்றாவது வீட்டுக்கு என்ன என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

திரும்பிப் போய், “தப்பு என்னோடதுங்க. மன்னிச்சுக்கங்க” என்று விஷயத்தைச் சொன்னேன்.

முருகேசு சிரித்துவிட்டார். “நோட்டீஸ் நானூறு அடிச்சோம் சேர். பண்டாரவளை பஸ்ஸுலகூட ஒட்டியிருக்கு.”

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த, செட்டிங்கைத் திறக்கும் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும் என்று கவிதாவுக்குக் காட்டினேன். “ரெண்டையும் நீயே டைப் பண்ணும்மா” என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றேன். பதினேழு போனும் ஒரே நேரத்தில் இணைப்பிலிருந்து விழுந்தன.

“ஏய், லைன் போயிருச்சு!” என்று அடுத்த வீட்டுக் காம்பராவில் யாரோ கத்தினார்கள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு முருகேசு அழைத்தார். “முழுசாப் பேசி முடிச்சிட்டா சேர்.” அடுத்த மாதம் அவளுக்கு வேலையும் கிடைத்தது.

ஓய்வு பெறும்வரை நான் பொருத்திய பழைய வீடுகளாகத் தேடிப் போய்ப் பாஸ்வேர்டை மாற்ற வைத்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பாஸ்வேர்டை வீட்டுக்காரரே போடட்டும், நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். யாருக்குக் கொடுத்தீர்கள் என்று அவரைக் கேட்பதற்கு முன், போட்டது யார் என்று உங்களையே கேளுங்கள்.