ஜெபித்து வாங்கிக் கொடுத்த மாற்றல்

கர்த்தருக்குப் பிரியமானவர்களே, சாட்சி சொல்ல எழுந்தால் முதலில் சந்தோஷத்தைச் சொல் என்பார்கள். எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. அந்த எரிச்சலோடு சேர்த்துத்தான் ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். அதனால் மறைக்காமல் சொல்கிறேன்.

எமர்ஜென்சியை நீக்கியதற்கு அடுத்த வருஷம் அது. உசிலம்பட்டிக்கு மேற்கே எங்கள் ஊர். தாய்சேய் நல நிலையம் என்று அரசாங்கம் கட்டடம் கட்டி, போர்டு மாட்டி, பூட்டும் போட்டிருந்தது. நர்ஸ் மட்டும் இல்லை. வாசலில் யாரோ ஆடு கட்டியிருந்தார்கள். என் மகள் ஜெபாவுக்குத் தலைப்பிரசவ வலி எடுத்தபோது, அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் மாட்டு வண்டியில் உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். போய்ச் சேருமுன் வண்டியிலேயே பிறந்துவிட்டது. ஆண் பிள்ளை. அழவே இல்லை. பிறக்கும்போது பக்கத்தில் ஒரு நர்ஸ் இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, உமக்குக் கண்ணு இல்லையா?" என்று கத்தினேன்.

அழுது முடித்ததும் எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தைக் கூட்டினேன். ஜெபம் மட்டும் போதாது, மனுவும் கொடுப்போம் என்றேன். எங்கள் பெண்களோடு இந்து வீட்டுப் பெண்களும் கைநாட்டு வைத்தார்கள். சுகாதார ஆபீசில் அதிகாரி மனுவை வாங்கி, "பார்ப்போம்" என்றார். மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்களுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உபவாசம் இருந்து, "ஆண்டவரே, இந்தக் கல்நெஞ்சுக்காரரை அந்த நாற்காலியிலிருந்து எடுத்துப்போடும்" என்று ஜெபித்தோம்.

எடுத்துப்போட்டார்! அதிகாரிக்கு வேறு ஊருக்கு மாற்றல். ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினோம். புதிதாக வந்தவர், "பழைய மனுவா? எனக்குத் தெரியாதேம்மா. புதுசா எழுதிக் குடுங்க" என்றார். கொடுத்தோம். அவரும் இழுத்தடித்தார். மறுபடி உபவாசம். அவருக்கும் மாற்றல். மூன்றாவதாக வந்தவரும் அதே பாட்டைத்தான் பாடினார். ஜெபத்துக்கெல்லாம் பதில் வந்துகொண்டேதான் இருந்தது, நர்ஸ்தான் வந்த பாடில்லை. தலையில் அடித்துக்கொண்டேன். அந்தச் சமயம் பார்த்து ஜெபா மறுபடி உண்டானாள்.

மூன்றாமவர் சரியான முசுடு. நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். சங்கத்துப் பெண்கள் பழக்கதோஷத்தில் உபவாசத்துக்கு நாள் குறித்தார்கள்.

"ஏத்தா, போதும்! இவரையும் தூக்கிட்டா நாலாவது ஆளுக்கு எவ எழுதுறது? இவரு இங்கனயே இருக்கட்டும்னு ஜெபம் பண்ணுங்க" என்று சத்தம் போட்டேன்.

முணுமுணுத்துக்கொண்டே அவருக்காகவும் அவர் பிள்ளைகுட்டிகளுக்காகவும் ஜெபித்தார்கள். எனக்கே வாய் கசந்தது. ஆனால் அடுத்த முறை ஆபீசுக்குப் போனபோது கோபமாகப் பேச வரவில்லை. "சார், எங்க ஊருக்கு நர்சு வராததுக்கு என்னதான் காரணம்? அதையாச்சும் சொல்லுங்க" என்றேன். அதுவரை எங்களில் ஒருத்தியும் அதைக் கேட்டதில்லை.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டு பேரைப் போட்டாங்கம்மா, ரெண்டு பேரும் அழுதுக்கிட்டு ஓடிட்டாங்கன்னு பழைய ஃபைல்ல இருக்கு. அந்தக் கட்டடத்துல உள்தாழ்ப்பா இல்ல, கக்கூஸ் இல்ல. தனியா ஒரு வயசுப் பொண்ணு எங்க படுக்கும்? தங்க எடம் காட்டுங்க, ஆளை நான் போடுறேன்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கோவிலை ஒட்டி, மாதம் ஒருமுறை வரும் போதகர் தங்குவதற்கென்று ஓர் அறை இருந்தது. தாழ்ப்பாள், கக்கூஸ் எல்லாம் உண்டு. மற்ற நாளெல்லாம் அதுவும் பூட்டித்தான் கிடந்தது.

சபைக் கமிட்டியிடம் போய் அந்த அறையைக் கேட்டேன். அட, அரசாங்கமே தேவலை! "எழுதிக் குடுங்க, அடுத்த கூட்டத்துல பேசுவோம்" என்றார்கள். அடுத்த கூட்டத்துக்குப் பாதிப் பேர் வரவில்லை. இங்கே ஜெபாவுக்கு மாதம் ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தும் பெண்கள் யாரும் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. சாவி வராமல் வீட்டில் அடுப்பு எரியாது என்று சொல்லிவிட்டோம். ஆண்களுக்குப் பசி வந்ததும் கமிட்டி தானாகக் கூடியது.

செக்ரட்டரி அண்ணனுக்கு மட்டும் மனசு வரவில்லை. "வாரவ இந்துப் பொண்ணாம்ல. வாடிப்பட்டிப் பக்கமாம். செவுத்துல சாமி படம் மாட்டுவாளே தங்கச்சி?" என்றார்.

"மாட்டட்டும்ணே. ஆணி நான் தாரேன்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சாவி கைக்கு வந்தது. அந்த முசுட்டு அதிகாரி சொன்ன சொல் தவறவில்லை. நர்ஸ் சரோஜா ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

ஒரு மத்தியானம் ஜெபாவுக்கு வலி கண்டது. இந்தத் தடவை வண்டி கட்டவில்லை. பிள்ளை கழுத்தில் கொடி சுற்றி வந்தது. நான் "இயேசப்பா! இயேசப்பா!" என்று கத்துகிறேன். சரோஜா "தாயே மீனாட்சி" என்று சொல்லிக்கொண்டே விரலால் கொடியை விலக்குகிறாள். "ரெண்டு பேரும் செத்த சும்மா இருக்கீகளா!" என்று ஜெபா எங்களைத் திட்டினாள். சரோஜா பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். ஊருக்கே கேட்கும்படி அழுதது. பெண் பிள்ளை. சரோஜாவின் கையைப் பிடித்து முத்தமிட்டேன். ஆண்டவருக்கு நன்றி சொல்லப் போய் அழுதுவிட்டேன்.

பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவரைத் தூக்கும், இவரைத் தூக்கும் என்று நான் இப்போது ஆண்டவருக்கு யோசனை சொல்வதில்லை. ஜெபித்துவிட்டு எழுந்து போய் விசாரிக்கிறேன். ஆனால் அந்த முதல் பிள்ளை ஏன் போனான் என்று இன்றும் அவரிடம் கேட்டுச் சண்டை போடுகிறேன். அதற்குப் பதில் வரவில்லை. அதற்காக அவர் என்னை விரட்டிவிடவும் இல்லை.

உங்கள் ஊரிலும் ஏதாவது ஒரு கதவு பூட்டித்தான் கிடக்கும். உங்களுக்கும் நெஞ்செல்லாம் கோபம் இருக்கலாம். கோபம் ஆறட்டும் என்று காத்திருக்காதீர்கள். சண்டை போட்டுக்கொண்டாவது அவரிடம் வாருங்கள். என்னையே பொறுத்துக்கொண்டவர், உங்களையா தள்ளிவிடப் போகிறார்?