தலைவர் வைத்த பெயர்

எனக்குப் பெயர் வைத்தது டெல்லியிலிருந்து வந்த ஒரு பெரிய தலைவர் என்று சொல்லியே என்னை வளர்த்தார்கள். நான் அதை முழுதாக நம்பியதே இல்லை. பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே எனக்கு இது உறுத்தியது. தமிழில் ஒரு சொல் தெரியாத வடக்கத்தி மனிதர் இவ்வளவு சுத்தமான தமிழ்ப் பெயரை எங்கிருந்து பிடித்தார்? அப்பாவிடம் கேட்டால், "பெரியவுகளுக்குத் தெரியாதது என்னாத்தா இருக்கு?" என்பார். மேற்கொண்டு கேட்டால், "ஒங்கம்மாவக் கேளு, அவதான் பக்கத்துல நின்னா" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்.

அந்தக் காலத்தில் கட்சிக்காரர் வீடுகளில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. குழந்தை பிறந்ததும் பெயர் வைக்க மாட்டார்கள். தலைவர் எப்போது இந்தப் பக்கம் வருகிறாரோ, அன்றைக்குக் கொண்டுபோய் நீட்டுவார்கள். அவர் வாயில் என்ன வருகிறதோ அதுதான் பெயர். நான் ஏழு மாதம் வெறும் பாப்பாவாகக் கிடந்தேனாம்.

என் சந்தேக புத்திக்கு என் தொழிலும் தீனி போட்டது. விராலிமலை பஸ் ஸ்டாண்டு பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பிளெக்ஸ் டிசைன் எல்லாம் செய்வேன். தலைவரோடு தோளில் கை போட்டு நிற்பதாகப் பலர் பிளெக்ஸில் சிரிக்கிறார்கள். அந்தக் கையை ஒட்டியது நான். இதுவரை மூன்று தலைவர்களின் வாழ்க்கை வரலாற்றை டைப் செய்திருக்கிறேன். மூவருமே தெருவிளக்கு வெளிச்சத்தில்தான் படித்தார்கள்.

போன வருஷம் எனக்குப் பெயர் வைத்ததாகச் சொன்ன அந்த டெல்லித் தலைவர் காலமானார். கட்சியின் ஒன்றியச் செயலாளர் ஒரு கட்டுக் காகிதத்தோடு கடைக்கு வந்தார்.

"தங்கச்சி, நினைவு மலர் போடுறோம். ஒன்னயப் பத்தியும் ஒரு பக்கம் வருது. கூட்டத்துல அப்பாவ மேடையேத்திப் பொன்னாடை போத்துறோம். நீயும் ரெண்டு வார்த்தை பேசணும்."

அப்பாவுக்கு விஷயம் தெரிந்ததும் வீட்டில் அவரைப் பிடிக்க முடியவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கட்சிக்குச் சுவரொட்டி ஒட்டியவர், கொடி கட்டியவர். ஒரு வார்டு மெம்பர் சீட்டுக்குக்கூட அவரை யாரும் கூப்பிட்டதில்லை. இதுவரை எந்த மேடையிலும் அவர் ஏறியதில்லை. கரை வேட்டியைத் தானே எடுத்துக் கஞ்சி போட்டு வெயிலில் காயவைத்தார். முட்டிவலியை மறந்து, கூட்டம் எப்போது என்று நாலு தரம் கேட்டார்.

நான் டைப் செய்ய உட்கார்ந்தேன். விவசாயி வீட்டில் பிறந்தார். வழக்கம்போல் தெருவிளக்கு. மாணவனாகச் சிறைக்குப் போனார், எம்.பி. ஆனார், மந்திரி ஆனார். தேர்தலில் தோற்றார், கட்சி உடைந்தது, கூட இருந்தவர்கள் ஓடிப்போனார்கள். பதவியை விட்டுவிட்டு ஊர் ஊராக நடந்தார், திரும்ப வந்தார். ஒவ்வொரு வரியையும் முறைத்துக்கொண்டே அடித்தேன். இவ்வளவு நடந்த மனிதருக்குக் காலில் ஒரு முள் குத்தியதாக யாரும் எழுதவில்லையே என்று எரிச்சலாக இருந்தது.

தென்னகச் சுற்றுப்பயணம் என்ற பகுதி வந்தது. அந்தப் பயணத்தில் தலைவரின் காரில் கூடவே போன திருச்சிக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். திருச்சியிலிருந்து மதுரை போய்ச் சேரும்வரை தலைவருக்குக் கடும் காய்ச்சல். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பின்சீட்டில் படுத்தே வந்தார். வழியில் எங்கும் நிறுத்தவில்லை.

அடுத்த பக்கத்தில் நான் இருந்தேன். அதே பயணத்தில், மதுரை போகும் வழியில் விராலிமலையில் காரை நிறுத்தித் தலைவர் பெயர் சூட்டிய குழந்தை.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அப்பாமீது. ஸ்கூலில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டரிடம் இந்தக் கதை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் இந்தக் கதை. என் பிரசவத்தன்று டாக்டரம்மாவைக்கூட விடவில்லை. அத்தனையும் புளுகா? இரண்டு பக்கமும் அப்படியே அச்சானால் படிக்கிற எவனும் கேட்பான். பொன்னாடை போர்த்திக்கொண்டு நிற்கும் கிழவனைப் பார்த்துச் சிரிப்பான். அப்பாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்திருக்கிறேன். அவமானப்பட்டு நின்று பார்த்ததில்லை. அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா முடி வெட்டப் போயிருந்தார். அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

"இப்ப எதுக்கு அது?" என்றாள், தலையைத் தூக்காமல்.

"கார் நின்னுச்சா, நிக்கலையா?"

உரித்த கடலையையே திரும்ப உரிக்கப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. நான் இத்தனை வருஷமாகத் தப்பான ஆளைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

"ஏழு மாசம்டி" என்றாள். "ஊசி போடக் கொண்டுபோனா நர்சு பேரு என்னன்னு கேக்கும். பேரில்லைன்னா என்னயத்தான் திட்டும். ஒங்கப்பா வீட்டுல அவுக ஆத்தா பேருதான் வைக்கணும்னு ஒரே சண்டை. ஒங்கப்பா தலைவரு வரட்டும்னுட்டாரு. என்னய ஒரு ஆளு கேக்கல."

"அப்புறம்?"

"காலையில இருந்து ரோட்டுல நின்னோம். ஒங்கப்பா கொடியோட அங்கிட்டு முன்னால நின்னாரு. பொம்பளைங்க நாங்க இங்கிட்டு, கொஞ்சம் தள்ளி. கார் விர்ருன்னு போயிருச்சு. கண்ணாடியக்கூட எறக்கல. ஒங்கப்பா கூட்டத்தத் தள்ளிக்கிட்டு ஓடியாராரு, இங்கிட்டாச்சும் நின்னுச்சா, நின்னுச்சான்னு. அந்த மொகத்தப் பாத்தேன். நின்னுச்சுங்க, பேரும் வச்சிட்டாருன்னேன்."

"பேரு?"

"எங்கூடப் படிச்ச புள்ள பேரு. நல்லாப் படிப்பா. எனக்குப் புடிக்கும்." பிறகு சிரித்தாள். அவள் அப்படித் திருட்டுத்தனமாகச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "தலைவரு வச்ச பேர ஒங்கப்பத்தாளால மாத்த முடியுமா?"

"பக்கத்துல நின்ன பொம்பளைங்க ஒண்ணும் சொல்லலையா?"

"அவளுகளும் பாத்தோம்னாளுக. அம்புட்டு நேரம் வெயில்ல நின்னுட்டு, ஒண்ணுமில்லன்னு வீட்டுக்குப் போவாளுகளா?"

மறுநாள் கடையைத் திறந்ததும் அந்தத் திருச்சிக்காரரின் பத்தியைத் திரையில் கொண்டுவந்தேன். காய்ச்சலை விட்டுவைத்தேன். கண்ணாடியையும் பின்சீட்டையும் எடுத்தேன். 'வழியில் எங்கும் நிறுத்தவில்லை' என்பதை எடுத்துவிட்டு, 'வழியில் ஓரிடத்தில் மட்டும் நிறுத்தினார்' என்று போட்டேன். ஊரான் புளுகையெல்லாம் நக்கலடித்தவள் செய்த வேலை இது. கை கூசத்தான் செய்தது. ஒரு சந்தேகமும் கூடவே வந்தது. அந்தத் தெருவிளக்கைக்கூட என்னைப்போல் எவளாவது, யாருடைய மனதுக்காகவாவது ஏற்றி வைத்திருப்பாளோ?

கூட்டம் மாலையில் நடந்தது. கஞ்சி போட்ட வேட்டி மொடமொடவென்று நிற்க, அப்பா மேடையேறினார். பொன்னாடை போர்த்தும்போது குழந்தைபோல் கழுத்தை நீட்டிக்கொடுத்தார். நான் மைக்கைப் பிடித்து என் பெயரைச் சொன்னேன். அதைத் தலைவர் வைத்தார் என்றேன். என் அம்மா சாட்சி என்றேன். பெண்கள் வரிசையில் இருந்த அம்மா சட்டென்று குனிந்து செருப்பைத் தேடினாள். ஜனங்கள் கைதட்டினார்கள். அப்பா கைதட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிபடவில்லை.

ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினோம். அப்பா பொன்னாடையை மடித்து மடியில் வைத்திருந்தார். மெயின்ரோட்டில், அன்றைக்கு அவர்கள் காத்து நின்ற இடத்தைத் தாண்டும்போது வெளியே எட்டிப் பார்த்தார்.

"இந்த எடத்துலதான் நின்னேன். காருக்குள்ள அவரு தலைகூடத் தெரியல. அந்த வேகத்துல போன காரு எங்கிட்டு நிக்கும்?" என்றார்.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா பொன்னாடையைத் தூக்கி அவள் மடியில் வைத்தார்.

"வச்சுக்க. நீ வச்ச பேரு மைக்குல நல்லாத்தான் இருந்துச்சு."