விடாமல் தட்டினால் ஆபத்து

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் நந்திதுர்க் லைனில் பாக்கியவதி என்றாலே ஹெட்மாஸ்டரை அறைந்தவள் என்றுதான் பேச்சு. அறைந்தது உண்மை. எதற்கு என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை, எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல். நான் அவளுக்குப் பக்கத்து வீடு. அவள் புருஷன் எட்மண்டும் நானும் ஒன்றாகச் சுரங்கத்தில் இறங்கியவர்கள்.

எட்மண்ட் சுரங்க ஷாஃப்டில், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணி அடித்தவன். ஒரு அடி என்றால் நில். விடாமல் அடித்தால் ஆபத்து, எல்லோரும் வெளியேற வேண்டும். சுரங்கம் மூடி வெகுகாலம் கழித்துப் பிறந்த மகள் வின்னிக்குப் பேச்சு வரவில்லை, சொல்வதும் புரியவில்லை. கதவில் தட்டித் தட்டியே அவளை வளர்த்தான். அடுப்புப் பக்கம் போனால் ஒரு தட்டு, நின்றுவிடுவாள். விடாமல் தட்டினால் கைக்கு அகப்பட்டவரை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடுவாள். சுரங்கத் தூசி நெஞ்சை அரித்து அவன் போய்ச் சேர்ந்த பிறகு, பாக்கியவதி பெங்களூர் கார்மெண்ட்ஸ் வேலைக்கு விடியற்காலை ரயில் ஏறினாள். வின்னி பள்ளிக்கூடம் போனாள்.

எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கலாம் என்கிறது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று பயிற்சி பெற்ற டீச்சர் தாலுகாவுக்கே ஒருவர். அவர் இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதே அபூர்வம். வகுப்பில் இருந்தது ஷோபா டீச்சரும் அவர் பிரம்பும்தான். ஒருநாள் பிள்ளைகளின் கூச்சலை அடக்க அவர் மேஜையில் விடாமல் அடித்தார். வின்னி பக்கத்திலிருந்த பெண்ணைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள். டீச்சர் அவள் முதுகில் விளாசினார். வின்னி பிடியை விடவில்லை. கதவு நிலையில் மோதி அந்தப் பெண்ணின் நெற்றி பிளந்தது. அவள் அப்பன் வந்து வின்னியின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

"இவளுக்கு இனிமே வீட்லயே படிப்பும்மா. அதுக்கும் சட்டத்துல எடம் இருக்குது" என்றார் ஹெட்மாஸ்டர் நாகேஷ்.

"நான் ரயில் ஏறிட்டா இவளுக்கு யார் சார் பாடம் எடுக்கிறது? பூட்டா? மேஜைல அடிச்சா ஆபத்துன்னு நெனச்சிக்கிறா சார், அவ்ளோதான்."

"பேர் ரிஜிஸ்டர்ல இருக்கும், போங்க."

மறுநாள் பாக்கியவதி அழுதுகொண்டே வீட்டைப் பூட்டிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கதவு விடாமல் தட்டப்பட்டது. சுரங்கத்தில் இருந்தவனால் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியுமா? கடப்பாரையால் பூட்டை உடைத்தேன். வின்னியின் கை முட்டிகளில் தோல் இல்லை. கதவெல்லாம் ரத்தம்.

அடுத்த நாள் காலை பாக்கியவதி வேலைக்குப் போகவில்லை. மகளை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள், நானும் கூடப் போனேன்.

"இன்னா சார் இது? பாருங்க இந்தக் கைய!"

நாகேஷ் பார்க்கவில்லை. பியூனைக் கூப்பிட்டுக் கத்தியபடி மேஜையில் உள்ளங்கையால் பட்பட்டென்று அடித்தார்.

வின்னி பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள். அவர் அவள் முகத்தில் குத்தினார். உதடு கிழிந்தது. மறுபடி குத்தினார். அவள் பிடியை விடவில்லை.

"உன்னக் காப்பாத்துறாடா பாவி!" பாக்கியவதி அவரை அறைந்தாள். அந்த அறைக்கு நான் இன்றும் கைதட்டுவேன்.

முற்றத்துக்கு வந்ததும் வின்னி அவரை விட்டுவிட்டு, வகுப்பிலிருந்த பிள்ளைகளைக் கூட்டிவரத் திரும்ப ஓடினாள். ஷோபா டீச்சர் கதவைச் சாத்தித் தாழிட்டார். வின்னி தோலுரிந்த கைகளால் அந்தக் கதவை விடாமல் தட்டினாள்.

உள்ளேயிருந்து ஒருவரும் வரவில்லை.